நிரம்பிவிட்டால் என்ன செய்வது? கொள்ளளவுள்ள வரிசையை வடிவமைப்போம்

மாணவர்களே, கேமரன் மலைக்குப் போனவர்கள் ரிங்லெட் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையால் உருவான ஏரி அது. 1963-ஆம் ஆண்டிலிருந்து மின்சாரம் தயாரிப்பதற்காக அங்கே நீர் தேக்கப்படுகிறது. மழையும் ஆறுகளும் ஏரிக்கு நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியே அந்த நீர் மின்நிலையத்துக்குப் போகிறது. ஒரு பக்கம் வரவு, மறு பக்கம் செலவு, நடுவில் ஓர் அளவுக்கு மேல் கொள்ளாத ஏரி.

அணைக்குக் கீழ்ப்புறம் இருப்பது லெம்பா பெர்த்தாம். 2013 அக்டோபர் 23-ஆம் தேதி, நள்ளிரவு கடந்த நேரம். கனமழையால் ஏரியின் மட்டம் உயர்ந்தது. அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. சேறும் நீருமாக வந்த வெள்ளம் பள்ளத்தாக்கில் புகுந்தது. உயிர்கள் பறிபோயின, வீடுகளும் வாகனங்களும் நாசமாயின. மேட்டு நிலங்களிலிருந்து அடித்துவரப்பட்ட மண் பல ஆண்டுகளாக ஏரியின் அடியில் படிந்து வந்திருந்தது. அதனால் கட்டிய காலத்தில் கொண்ட அளவு நீரை ஏரியால் கொள்ள முடியவில்லை.

இதை ஏன் ஒரு கணினிக் கட்டுரையில் சொல்கிறேன்? கொள்ளளவு உள்ள எந்தப் பொருளைப் பற்றியும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: "இது நிரம்பிவிட்டால் என்ன நடக்கும்?" அந்தக் கேள்விக்கு நிரம்பும் முன்பே பதில் எழுதி வைத்திருக்க வேண்டும். கணினி நிரலிலும் அப்படித்தான். இந்த வாரம் நாம் வடிவமைக்கப் போவது 'கொள்ளளவுள்ள வரிசை'.

வரிசை என்றால் என்ன?

தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பறித்த கொழுந்து லாரியில் வந்து இறங்குகிறது. முதலில் அதைத் தொட்டிகளில் பரப்பிக் காற்றடித்து வாட்டுவார்கள். பிறகுதான் உருட்டுவது, நிறம் மாறவிடுவது, உலர்த்துவது எல்லாம். காலையில் வந்த கொழுந்து தொட்டியில் கிடக்க, மதியம் வந்ததை முதலில் எடுத்தால் என்ன ஆகும்? காலைக் கொழுந்து அளவுக்கு மேல் வாடித் தரம் கெடும். ஆகவே முதலில் வந்தது முதலில் போக வேண்டும்.

இந்த விதிக்குக் கட்டுப்பட்ட தரவு அமைப்புதான் வரிசை. பின்னால் சேர்ப்போம், முன்னால் எடுப்போம், நடுவில் கை வைக்க மாட்டோம். அச்சுப்பொறிக்கு அனுப்பிய கோப்புகள், நீங்கள் தட்டிய எழுத்துகள், இணையத்தில் வந்து சேரும் செய்திகள் எல்லாம் கணினிக்குள் இப்படித்தான் காத்திருக்கின்றன.

ஏரிக்கும் வரிசைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஏரியில் எந்தத் துளி முதலில் வந்தது என்பதற்குக் கணக்கு இல்லை, எல்லாம் கலந்துவிடும். வரிசை, ஒழுங்கையும் சேர்த்துக் காக்கிறது. கொள்ளளவு என்ற விஷயத்தில் மட்டுமே இரண்டும் ஒன்று.

வரம்பு எதற்கு?

"வரிசை தேவையான அளவு வளரட்டுமே, ஏன் வரம்பு போட வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆற்றின் நீர்மட்டத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து கைப்பேசி வலையமைப்பு வழியாக அனுப்பும் கருவி ஒன்றை உங்கள் ரோபோட்டிக் கழகம் செய்வதாக வைத்துக்கொள்வோம். பள்ளிகளில் அதிகம் காணப்படும் ஆர்டுயினோ யூனோ பலகையையே எடுத்துக்கொள்ளலாம். நிரல் ஓடும்போது அது பயன்படுத்தும் நினைவகம் 2,048 பைட் மட்டுமே. ஓர் அளவீட்டில் நேரத்துக்கு 4 பைட், நீர்மட்டத்துக்கு 2 பைட், ஆக 6 பைட் வேண்டும்.

மலையில் மழை கொட்டுகிறது, வலையமைப்பு அறுந்துவிடுகிறது. அனுப்ப முடியாத அளவீடுகள் வரிசையில் சேர்கின்றன. நினைவகம் முழுவதையும் வரிசைக்கே கொடுத்தாலும் 341 அளவீடுகளுக்கு மேல் இடமில்லை. அதாவது ஆறு மணி நேரத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். நிரலின் மற்ற வேலைகளுக்கும் நினைவகம் வேண்டும் என்பதால், உண்மையில் அதற்கும் முன்பே கருவி தடுமாறத் தொடங்கும். எந்த நிமிடத்தில், எப்படித் தடுமாறும் என்று யாருக்கும் தெரியாது. அது நடப்பதோ கருவி மிக அதிகமாகத் தேவைப்படும் மழை இரவில்.

ஆகவே 'வரம்பில்லாத வரிசை' என்று எதுவும் இல்லை. வரம்பை நாம் முடிவு செய்யாவிட்டால் நினைவகம் முடிவு செய்யும். முதல் வழியில், நிரம்பும்போது என்ன செய்வது என்பது நம் கையில் இருக்கும். நம் கருவிக்கு 200 அளவீடுகள் என்று வரம்பு வைப்போம். 1,200 பைட் போதும். மூன்று மணி 20 நிமிடம் வரை தொடர்பு அறுந்திருந்தாலும் ஒரு அளவீடும் தொலையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிமிடத்துக்கு 10 பொருள்கள் வந்து, 8 மட்டும் வெளியேறினால், 60 இடமுள்ள வரிசை 30 நிமிடத்தில் நிரம்பும். கொள்ளளவை 120 ஆக்கினால் 60 நிமிடத்தில் நிரம்பும். எவ்வளவு பெரிதாக்கினாலும் நிரம்புவது தள்ளிப்போகுமே தவிர நிற்காது. திடீரென்று கூடிப் பிறகு குறையும் வரவைத் தாங்குவதுதான் வரிசையின் வேலை. வரவு எப்போதுமே செலவைவிட அதிகம் என்றால், செலவு வழியைத்தான் அகலமாக்க வேண்டும்.

பெட்டிகளை வட்டமாக்குவோம்

இனி கட்டுமானத்துக்கு வருவோம். நினைவகத்தில் அடுத்தடுத்து ஐந்து பெட்டிகள் இருக்கின்றன. அவற்றுக்கு 0, 1, 2, 3, 4 என்று எண் கொடுப்போம்.

எளிய முறை ஒன்று உண்டு. முதல் பெட்டியில் இருப்பதை எடுத்ததும், பின்னால் உள்ள எல்லாவற்றையும் ஓர் இடம் முன்னே நகர்த்துவது. கோயிலில் அன்னதான வரிசை நகர்வது போல. மனிதர்கள் தாங்களே நடந்து நகர்வார்கள். கணினியில் ஒவ்வொன்றையும் நிரல்தான் தூக்கி வைக்க வேண்டும். 1,000 பொருள்கள் இருந்தால், ஒன்றை எடுக்க மீதி 999-ஐ நகர்த்த வேண்டும். வீண் உழைப்பு.

மாற்று வழி: பொருள்களை நகர்த்தாதீர்கள், 'முன்வரிசை எது' என்ற குறியை மட்டும் நகர்த்துங்கள். அந்தக் குறியைத் 'தலை' என்போம். எத்தனை பொருள்கள் உள்ளே இருக்கின்றன என்பதை 'எண்ணிக்கை' என்போம். புதிய பொருள் எந்தப் பெட்டிக்குப் போகும்? தலையோடு எண்ணிக்கையைக் கூட்டுங்கள், கொள்ளளவால் வகுங்கள், மீதி எதுவோ அதுதான் பெட்டி எண்.

மீதி எதற்கு? கடிகாரத்தைப் பாருங்கள். 10 மணிக்கு மேல் 3 மணி நேரம் கழிந்தால் 13 மணி என்று கடிகாரம் காட்டாது. சுற்றி வந்து 1 காட்டும். அதே போல, கடைசிப் பெட்டி முடிந்ததும் மறுபடி 0-ஆம் பெட்டிக்கு வருவதற்காகத்தான் மீதி. நேராக இருந்த ஐந்து பெட்டிகள் இப்போது வட்டமாகிவிட்டன. இதற்குச் 'சுழல் வரிசை' என்று பெயர்.

தாளும் பேனாவும் எடுத்து என்னோடு செய்து பாருங்கள்.

தொடக்கத்தில் தலை 0, எண்ணிக்கை 0. க, ங, ச என மூன்றைச் சேர்க்கிறோம். அவை 0, 1, 2-ஆம் பெட்டிகளில் அமர்கின்றன. எண்ணிக்கை 3.

ஒன்றை எடுக்கிறோம். தலை காட்டும் பெட்டியிலிருந்து க வெளியே வருகிறது. தலை 1 ஆகிறது, எண்ணிக்கை 2.

ஞ, ட இரண்டையும் சேர்க்கிறோம். ஞ-வுக்கு 1 + 2 = 3-ஆம் பெட்டி. ட-வுக்கு 1 + 3 = 4-ஆம் பெட்டி. எண்ணிக்கை 4.

இப்போது ண வருகிறது. 1 + 4 = 5. ஐந்தை ஐந்தால் வகுத்தால் மீதி 0. க விட்டுச் சென்ற 0-ஆம் பெட்டியில் ண அமர்கிறது. எண்ணிக்கை 5, வரிசை நிரம்பிவிட்டது. அடுத்து எடுத்தால் என்ன வரும்? தலை 1-இல் இருப்பதால் ங வரும். சரியான ஒழுங்குதான். ஒரு பொருளைக்கூட நாம் நகர்த்தவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

காலியா, நிரம்பியதா?

சிலர் எண்ணிக்கையை வைத்துக்கொள்வதில்லை. 'தலை' என்ற குறியோடு, அடுத்த பொருள் அமரப்போகும் இடத்தைக் காட்டும் 'வால்' என்ற குறியையும் வைத்துக்கொள்வார்கள். இதில் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. தொடக்கத்தில் வரிசை காலி. தலையும் வாலும் 0. மேலே நாம் நிரப்பிய கட்டத்தில் தலை 1. அடுத்த இடமும் 1. அதாவது காலியாக இருக்கும்போதும் இரண்டும் சமம், நிரம்பியபோதும் இரண்டும் சமம்! குறிகளை மட்டும் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது.

இதற்கு நெடுங்காலமாக வழக்கில் உள்ள தீர்வு, ஒரு பெட்டியை எப்போதும் காலியாக விட்டுவிடுவது. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினியில் விசைப்பலகைக்கு இப்படி ஒரு சுழல் வரிசை இருந்தது. பெட்டிகள் 16, ஆனால் காத்திருக்கக்கூடிய விசைத்தட்டல்கள் 15 மட்டுமே. அதற்கு மேல் தட்டினால் கணினி 'பீப்' என்று ஒலி எழுப்பி, அந்தத் தட்டலை ஏற்க மறுத்துவிடும். ஆர்டுயினோ யூனோவும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது. தொடர் இணைப்பு வழியே வரும் எழுத்துகளுக்கு அதில் 64 பெட்டிகள் உண்டு; தங்குவது 63. உங்கள் நிரல் நேரத்தோடு வாசிக்காவிட்டால், அடுத்து வரும் எழுத்து சத்தமில்லாமல் தொலைந்துபோகும்.

நீங்கள் எழுதுவது உங்களுக்கு மட்டுமான நிரல் என்றால் இது பெரிய விஷயமல்ல. பலர் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் நூலகத்துக்கு எழுதுகிறீர்கள் என்றால் கவனம் வேண்டும். "16 இடம் கொடு" என்று ஒருவர் கேட்டு, 15 மட்டும் கிடைத்தால் அவருடைய கணக்கு தப்பும். உள்ளே 17 பெட்டிகள் ஒதுக்குங்கள். அல்லது எண்ணிக்கையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் கேட்டவருக்குக் கேட்டது கிடைக்க வேண்டும்.

நிரம்பினால் நான்கு வழிகள்

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். நிரம்பிய வரிசையில் இன்னொன்றைச் சேர்க்க வந்தால் என்ன செய்யலாம்?

ஒன்று, மறுப்பது: "இடமில்லை" என்று வந்தவருக்குத் தெரிவிப்பது. இரண்டு, காக்கவைப்பது: இடம் கிடைக்கும் வரை வந்தவரை நிறுத்தி வைப்பது. மூன்று, பழையதைத் தள்ளுவது: மிகப் பழைய பொருளை அழித்து, அந்த இடத்தில் புதியதை வைப்பது. நான்கு, புதியதைக் கைவிடுவது: யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுவது.

உலகெங்கும் பயன்படும் நூலகங்கள் இவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தன? ஜாவா மொழியின் நூலகத்தில் உள்ள கொள்ளளவுள்ள வரிசை, சேர்ப்பதற்கு ஒரே கட்டளையைக் கொடுக்கவில்லை. 'ஆட்' என்று அழைத்தால், இடமில்லாதபோது பிழை எழுப்பும். 'ஆஃபர்' என்று அழைத்தால் 'முடியவில்லை' என்ற பதிலைத் தரும். 'புட்' என்று அழைத்தால் இடம் கிடைக்கும் வரை காத்திருக்கும். எது வேண்டும் என்பதை நிரல் எழுதுபவரே தேர்ந்தெடுக்கலாம். பைத்தான் மொழியின் 'டெக்' என்ற அமைப்புக்கு வரம்பு கொடுத்தால், நிரம்பிய பின் மறுமுனையில் உள்ள பழையதைத் தள்ளிவிடும்.

எது சரி என்று எப்படி முடிவு செய்வது? இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: அனுப்புபவர் காத்திருக்க முடியுமா? தொழிற்சாலையில் தொட்டிகள் நிறைந்துவிட்டால், நாளைக்குப் பறிக்கலாம் என்று மலைக்குச் சொல்லி அனுப்பலாம். செடியிலேயே இருக்கும் கொழுந்து ஒரு நாளில் சற்று முற்றும், வீணாகிவிடாது. இங்கே 'காக்கவைப்பது' நல்ல வழி. மழையிடம் அப்படிச் சொல்ல முடியாது. ஏரி நிறைந்தாலும் அது பெய்துகொண்டேதான் இருக்கும். ஆற்றின் நீர்மட்டமும் நம் கருவிக்காக நிற்காது. காத்திருக்க முடியாத இடத்தில் 'காக்கவைப்பது' என்ற விதியை எழுதினால், அளக்கும் வேலையே நின்றுவிடும்.

இரண்டாவது கேள்வி: எதை இழந்தால் தீங்கு குறைவு? விமானி அறையின் ஒலிப்பதிவுக் கருவி பழையதைத் தள்ளும் முறையில் இயங்குவது. விபத்துக்கு முந்தைய கடைசி நேரம்தான் முக்கியம் என்பதால் அது சரியான தேர்வு. ஆனால் கொள்ளளவு போதாமல் போகலாம். 2009 அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் 188-ஆம் எண் விமானம், இறங்க வேண்டிய மினியாபொலிஸ் நகரைத் தாண்டிப் பறந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் தரைக்கட்டுப்பாட்டோடு பேச்சே இல்லை. பிறகு திரும்பி வந்து பத்திரமாக இறங்கியது. அந்த மௌன நேரத்தில் விமானி அறையில் என்ன நடந்தது என்று ஒலிப்பதிவைக் கேட்டால் தெரியுமே? தெரியவில்லை. அந்தக் கருவியில் கடைசி 30 நிமிடங்களுக்கு மட்டுமே இடம். தேவைப்பட்ட பகுதி, இறங்குவதற்குள் மேலெழுதப்பட்டுவிட்டது.

நம் கருவிக்கு எது?

ஆற்று நீர்மட்டக் கருவிக்கு வருவோம். அதன் நோக்கம் எச்சரிக்கை என்றால், மூன்று மணி நேரத்துக்கு முந்தைய மட்டத்தைவிட இந்த நிமிடத்தின் மட்டமே உயிர் காக்கும். ஆகவே பழையதைத் தள்ளலாம். தொடர்பு திரும்பியதும் மிகப் புதிய அளவீட்டை முதலில் அனுப்பி, மீதியைப் பிறகு வரிசைப்படி அனுப்பலாம்.

வெள்ளம் எப்படி உயர்ந்தது என்று பின்னர் ஆராய்வது நோக்கம் என்றால், தொடக்கமும் வேண்டும். அப்போது இன்னொரு தந்திரம் உண்டு. வரிசை நிரம்பியதும் ஒன்றுவிட்டு ஒன்றாக நீக்குங்கள். 200 அளவீடுகள் 100 ஆகும். நிமிடத்துக்கு ஒன்று என்பது இரண்டு நிமிடத்துக்கு ஒன்று ஆகும். நுணுக்கம் குறையும், கதை முழுவதும் இருக்கும்.

எந்த வழியை எடுத்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது: இழந்தவற்றை எண்ணுங்கள். 'தொலைந்தவை' என்று ஓர் எண்ணை வைத்து, ஒவ்வொரு முறை தள்ளும்போதும் ஒன்றைக் கூட்டி, அடுத்த செய்தியோடு அனுப்புங்கள். இல்லாவிட்டால் என்ன ஆகும்? வரைபடத்தில் இடைவெளியின் இரு புள்ளிகளையும் ஒரு கோடு இணைத்துவிடும். நடுவில் நீர் உயர்ந்து தணிந்திருந்தாலும், ஆறு அமைதியாக இருந்ததாகவே பார்ப்பவர் நம்புவார். தரவு இல்லை என்பதும் ஒரு தரவுதான். நான்காவது வழியான 'சொல்லாமல் கைவிடுவது' ஆபத்தானது என்பதன் காரணமும் இதுவே.

செய்து பாருங்கள்

1. நான்கு தீப்பெட்டிகளுக்கு 0 முதல் 3 வரை எண் எழுதுங்கள். தலை 3, எண்ணிக்கை 2 என்றால் பொருள்கள் எந்தப் பெட்டிகளில் இருக்கும்? அடுத்தது எங்கே போகும்? (விடை: 3, 0-ஆம் பெட்டிகளில் இருக்கும், அடுத்தது 1-ஆம் பெட்டிக்குப் போகும்.)

2. நீங்கள் எழுதும் வரிசையை ஓரங்களில் சோதியுங்கள்: காலி வரிசையிலிருந்து எடுத்தால் என்ன? நிரம்பியதில் சேர்த்தால் என்ன? கொள்ளளவு 1 என்றால் சரியாக இயங்குமா? கொள்ளளவு 0 என்று ஒருவர் கொடுத்தால்? பூஜ்யத்தால் வகுக்க முடியாது. ஆகவே தொடக்கத்திலேயே மறுத்துவிடுங்கள்.

3. மருந்தகத்தின் எண் சீட்டு, கடையின் கண்காணிப்புக் கேமரா, இணையத்தில் டிக்கெட் விற்பனை, ஆற்று எச்சரிக்கைக் கருவி ஆகிய நான்குக்கும், நிரம்பினால் எந்த வழி பொருந்தும்? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "யார் காத்திருக்க முடியும்? எதை இழக்கலாம்?" என்று இரண்டு வரியில் காரணம் எழுதுங்கள். நண்பரின் விடை வேறாக இருந்தால் விவாதியுங்கள். அந்த இரண்டு வரிகளை, நிரல் எழுதத் தொடங்கும் முன்பே எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் போதும். நிரம்பும் நாளில் உங்கள் வரிசை யாரையும் ஏமாற்றாது.